முந்நீர் கடந்த மழலை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சிறு பிள்ளைகளோடு பெருநகர் ஒன்றுக்குக் குடிபெயர்தல் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தனர். இந்த அவையில் இருப்போரிற் பெரும்பாலோர் அதனைச் செய்து முடித்தவர்கள். ஆகவே செய்தியாகச் சொல்ல என்னிடம் புதிது எதுவும் இல்லை. ஆனால், செய்து முடித்த நாம் அதைப் பாடியிருக்கிறோமா என்ற கேள்வி ஒன்று உண்டு. அதைக் கவிஞர்கள் முன் வைக்கவே வந்தேன்.

தொல்காப்பியத்திலிருந்து தொடங்குகிறேன். அகத்திணையியலில் பிரிவுகளை வகுத்துச் சொல்லி வருகையில், கடல்வழிச் செல்லும் பிரிவு பெண்ணோடு கூடி நிகழும் வழக்கம் இல்லை என்று ஒரு சிறு நூற்பாவில் ஆசிரியர் முடித்துவிடுகிறார். உரையாசிரியர்கள் இதற்குப் பலவாறு பொருள் விரித்தனர். அந்த வழக்கினுள் நான் நுழையவில்லை. பெண்ணுக்கே இடமில்லாத கலத்தில் பிள்ளைக்கு இடமேது? பாலைத் திணையில் பொருள்தேடிப் போகிறவன் தனியே போகிறான். உடன்போக்கில் தலைவி கூடச் செல்கிறாள். அவள் இடுப்பிற் குழந்தை இல்லை. மருதத்தில் சிறுதேர் உருட்டும் புதல்வன் வருகிறான். அவன் விளையாடுவது சொந்தத் தெருவில். புறத்திலே வறிய புலவன் வீட்டுப் பசித்த பிள்ளையைக் காண்கிறோம். அவனும் தமிழ் வழங்கும் நிலத்திலேதான் பசித்திருந்தான். மொழி வேறுபட்ட தேயத்துக்குக் கைப்பிள்ளையோடு போய்ச் சேரும் குடும்பத்துக்கு நம் அக இலக்கணம் திணையும் துறையும் வகுக்கவில்லை.

இந்த ரொறன்ரோவுக்கு வந்த ஈழத்தமிழர் முதலில் அந்த நூற்பாவைக் கற்று நடந்தவர்போலவே நடந்துகொண்டார்கள் என்பதுதான் வியப்பு. 1983 ஜூலைக் கலவரத்துக்கு முன் இந்நகரில் நம்மவர் சிலரே. அதன் பின் வந்தவர்களிற் பலர் தனித்த ஆண்கள். வீட்டை விற்று, நகையை அடகுவைத்து, ஒருவனைத்தான் அனுப்ப முடிந்தது. அகதிக் கோரிக்கை வைத்தவர் நேர்முக விசாரணைக்கு உரிமையுடையவர் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1985இல் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அது நமக்குப் பெரும் அரண். ஆனால் விசாரணைகள் பெருகக் கோப்புகளும் தேங்கின. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. கோப்புகளில் இருந்தவர்களின் மனைவியரையும் பிள்ளைகளையும் எவர் திரும்பிப் பார்த்தனர்? அவர்கள் கொழும்பில் வாடகை அறைகளிலும், சென்னையிலும், குண்டு விழும் ஊர்களிலும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்.

காத்திருப்பு முடிந்த நாளை எண்ணிப் பாருங்கள். பியர்சன் விமான நிலையத்தின் வருகை மண்டபத்தில் நின்றவர்கள் இக்காட்சியைப் பலமுறை கண்டிருப்பீர்கள். பிரியும்போது தவழ்ந்த குழந்தை ஆறு வயதுச் சிறுமியாக வருகிறாள். அவள் தலையணைக்குக் கீழ் வைத்திருந்த படத்தில் அப்பாவுக்குக் கறுத்த மீசை, அடர்ந்த முடி. எதிரே நிற்பவரோ மீசை மழித்து, கண்ணாடி அணிந்து, உடலுக்குப் பெரிதான குளிர் மேலங்கிக்குள் நிற்கிறார். கையில் இன்னொரு சிறு மேலங்கி, பிள்ளையின் அளவு தெரியாமல் வாங்கியது. சிறுமி தாயின் சேலைக்குப் பின்னால் மறைகிறாள். தலைவன் மீண்டு வருவதை முல்லை பாடிற்று. தலைவியே அவனிருக்கும் இடம் தேடி வருவதும், பெற்ற பிள்ளைக்கு அவன் அந்நியனாய் நிற்பதும் எந்தத் துறை?

இனி வீட்டுக்குள் போவோம். 1960களில் எழுந்த சென்ற் ஜேம்ஸ் ரவுன் தொடர்மாடிகளில் நம்மவர் எத்தனையோ பேர் வாழ்வைத் தொடங்கினர். வேறு பலர் ஸ்காபரோவின் பேஸ்மென்ற் அறைகளில். ஊரில் ஒரு குழந்தை தமிழை யாரிடம் கற்கிறது என்று கணக்கிடுங்கள். அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா, சித்தப்பா, மச்சாள், மீன் கொண்டுவருபவர், கோயில் ஐயர், வேலிக்கு அப்பால் சண்டை பிடிக்கும் அயலவர் என்று நாற்பது ஐம்பது வாய்களிலிருந்து அது காதில் விழுகிறது. அவற்றிற் பெரும்பகுதி குழந்தையை நோக்கிச் சொல்லப்பட்டதே அன்று. பெரியவர்கள் தமக்குள் கதைத்தது, பழித்தது, சிரித்தது. பதினெட்டாவது மாடியிலோ இரண்டே வாய்கள். அவற்றுள் ஒன்று இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகிறது; மற்றது மாலை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு வாய்களும் குழந்தையிடம் சொல்வன யாவை? எழும்பு. பல்லை மினுக்கு. கெதியாய் உடுப்பைப் போடு. சாப்பிடு. அப்பா படுக்கிறார், கத்தாதே. குதிக்காதே, குதித்தால் கீழ்வீட்டார் தும்புத்தடியால் முகட்டை இடிப்பார்கள். படு. நம் இலக்கணத்தில் இவற்றுக்கு ஏவல் என்றும் எதிர்மறை ஏவல் என்றும் பெயர். வினைமுற்றின் மற்ற வளங்கள் அக்குழந்தையின் செவிக்கு அரிதாகவே எட்டுகின்றன. அதே குழந்தை பாலர் வகுப்புக்குப் போனால், ஆசிரியை பிள்ளைகளைக் கம்பளத்தில் வட்டமாக இருத்தி நாள்தோறும் கதை வாசிக்கிறார். நரியும் கரடியும், 'முன்னொரு காலத்தில்' என்ற தொடக்கமும், 'அப்படியிருந்தால் எப்படியிருக்கும்' என்ற கற்பனையும் ஆங்கிலத்தில் வந்து சேர்கின்றன. ஒரு மொழி கட்டளையாகவும் இன்னொரு மொழி கதையாகவும் கிடைக்கும்போது, ஐந்து வயதுக்காரர் எதனிடம் போவார்? பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்கள் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. பெறாத ஒன்றை மறக்க இயலாது.

கதை சொல்லவேண்டும் என்று எண்ணிய தாய்க்கும் இந்நகரம் எளிதில் இடம்கொடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறத்தாழ ஒரு மணிநேரமே கூடிக் குறையும். இங்கு டிசம்பரில் பகல் ஒன்பது மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு. ஜூனில் பதினைந்தரை மணிநேரத்தை நெருங்குகிறது. நிலவைக் காட்டிச் சோறூட்டவென்று பல்கணிக்குத் தூக்கிச் சென்றால், இரவு எட்டரை மணிக்கு மேற்கிலே வெயில் நிற்கிறது. விடியவில்லையா, பொழுதுபடவில்லையா என்று கேட்கும் பிள்ளையிடம் என்ன தாலாட்டைப் பாடுவது? நம் தாலாட்டுக்கு இருட்டு வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெயிலில் உறங்கவைக்கும் தாலாட்டு ஒன்றைத் தமிழில் எழுதவேண்டிய நிலை முதன்முறையாக நமக்கு வாய்த்திருக்கிறது என்கிறேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே பிள்ளையை வயதுக்கு உரிய வகுப்பில் இருத்துகிறார்கள். ஆங்கிலம் தெரியாமை அதற்குத் தடையில்லை. நல்ல ஏற்பாடுதான். முதற் சிக்கல் பெயரில் வருகிறது. தந்தையின் பெயரை முன்னால் வைத்து வாழ்ந்த நம்மிடம் படிவம் கடைசிப் பெயர் கேட்கிறது. ஏதோ ஒரு பெயர் அந்தக் கட்டத்துக்குள் விழுகிறது. வகுப்பில் ஏழு வயதுப் பேத்தி, தான் ஒருநாளும் காணாத அப்பப்பாவின் பெயரால் விளிக்கப்படுகிறாள். தாய்க்கு வேறொரு கடைசிப் பெயர்; இவள் உன் பிள்ளைதானா என்று அலுவலகத்தில் அவளைக் கேட்கிறார்கள். இரண்டாவது, உடுப்பு. பனிக்கால மேலங்கியைத் தரையில் விரித்து, கழுத்துப் பக்கம் காலடியில் இருக்க நின்று, கைகளை நுழைத்துத் தலைக்கு மேலாக ஒரே வீச்சில் எறிந்து அணியும் வித்தையைப் பாலர் வகுப்பிற் பழக்குகிறார்கள். அவ்வித்தையைத் தாய்க்கும் தந்தைக்கும் கற்பித்தவர்கள் நான்கு வயது மழலைகள்.

கற்பிப்பது அத்தோடு நின்றால் நல்லது. குடும்பத்தில் ஆங்கிலம் முதலில் கைவந்தவர் பிள்ளை என்பதால், வாடகைக் கடிதமும் வங்கித் தாளும் வழக்கறிஞரின் கேள்வியும் அதன் தலையில் இறங்குகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பது வயது மகள் தாயோடு மருத்துவரிடம் போனாள். ஊரிலே இருந்த தமையனின் இழவுச் செய்தி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனம் ஒரு நிலையில் இல்லை, நித்திரையில்லை, நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிறது என்று தாய் சொன்னார். மகள் சிறிது யோசித்து, அம்மாவுக்குக் களைப்பாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்தப் பிள்ளை பிழை எதுவும் செய்யவில்லை. தாயின் துயரத்தைச் சொல்லத்தக்க ஆங்கிலம் அதனிடம் இன்னும் வரவில்லை. அத்துயரம் இன்னதென்று உணர்த்தும் தமிழும் அதற்குப் போய்ச் சேரவில்லை. ஏவல் வினைகளில் ஒப்பாரி இல்லை அல்லவா?

சனிக்கிழமை வகுப்புகளைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஒன்ராறியோ அரசு 1977இல் மரபுமொழித் திட்டத்தைத் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டரை மணிநேரம் என்ற அளவில் தமிழும் அதிலே இடம்பெற்றது. குளிரில் பேருந்து மாறிப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற பெற்றோரும், அரும்பு மீசையோடு முணுமுணுத்த மாணவரிடம் பொறுமை காத்த ஆசிரியரும் வணங்கத்தக்கவர்கள். அங்கே எழுத்து கிடைத்தது. திருக்குறள் மனனமும் கிடைத்தது. பேச்சுப் போட்டியிற் பரிசு பெற்ற பிள்ளை, மேடையிலிருந்து இறங்கியதும் பக்கத்திலிருந்த தம்பியோடு ஆங்கிலத்திற் சண்டை பிடித்ததையும் கண்டிருக்கிறோம். சண்டைக்குப் பயன்படாத மொழியைப் பிள்ளைகள் தம்முடையதாகக் கொள்வதில்லை. அத்தகைய வகுப்பொன்றில், தெருப்பனியை வாரித் தள்ளும் வண்டிக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயருக்குள் கலப்பை இருக்கிறது என்று ஆசிரியை விளக்கியதும், 'அப்ப அது பனி உழவன்' என்றான் ஏழு வயதுப் பையன் ஒருவன். மருதத்தையும் பனியையும் இத்தனை இயல்பாக இணைத்த தொடரை நமது பத்தாண்டுக் கவியரங்குகளில் நான் கேட்டதில்லை. கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

நம் கவிதைகளுக்கு வருகிறேன். இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் 1994இல் தொகுத்தளித்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைத் தொகுதிக்குப் 'பனியும் பனையும்' என்று பெயர். பெயர் நிலைத்துவிட்டது. அதன் பின் எழுந்த பாடல்களிற் பனையின் பக்கமே பாரம் மிகுதி. முற்றம், கிணற்றடி, திருவிழா, இழந்த வீடு, எரிந்த நூலகம் ஆகியவற்றைப் பாடினோம், பாடத்தான் வேண்டும். பனி வரும்போது அது பெரும்பாலும் தனிமைக்கோ சாவுக்கோ உவமையாக வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கோ பனி வந்தால் விடுமுறை, சறுக்கு விளையாட்டு, நாக்கை நீட்டி ஏந்தும் பண்டம். தந்தையின் கவிதையில் சாவாக இருப்பது மகளின் கையிற் பந்தாக இருக்கிறது. இந்த முரணைத் தொட்ட கவிதைகள் மிகச் சிலவே. பிள்ளைகள் நம் கவிதைகளில் வந்தாலும் மொழி மறந்த குற்றவாளிகளாக நிறுத்தப்படுகிறார்கள். அவர்கள் பக்கத்துச் சாட்சியத்தை எவரும் பதிவுசெய்யவில்லை.

அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். ஐந்து வயதில் இந்நாட்டுக்கு வந்த ராதிகா சிற்சபைஈசன் 2011இல் ஸ்காபரோவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 2016இல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் ஏற்றது. கொடியும் மாலையும் உரையும் இருக்கின்றன. அன்று விமான நிலையத்தில் தாயின் பின்னால் மறைந்த சிறுமிக்கு இன்று ஒரு மகள் இருக்கக்கூடும். ஊரிலிருந்து வந்து சேர்ந்த அம்மம்மாக்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். கொழும்பிலிருந்தும் சென்னை, கோவையிலிருந்தும் கைப்பிள்ளைகளோடு புதிய குடும்பங்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவர்களின் குழந்தை 'பேசுகிறது', நமது குழந்தை 'கதைக்கிறது'. இரண்டும் ஒரே மின்தூக்கியில் ஏறி ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே வட்டத்திடம் இரண்டு விண்ணப்பங்கள். மாதக் கூட்டத்தில் அரை மணிநேரத்தை அம்மம்மாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். அங்கே உரை வேண்டாம், கதை நடக்கட்டும். பிள்ளைகள் சொல்வதைப் பிழை திருத்தாமல் எழுதி வையுங்கள். அடுத்த மலரில் அப்படியே அச்சாகட்டும். இரண்டாவது, இங்குள்ள ஒவ்வொரு கவிஞரும், நான்கு வயதுக் குழந்தையிடம் ஜூன் மாத இரவு எட்டரை மணிக்கு, யன்னலில் வெயில் இருக்கும்போதே வாசிக்கக்கூடிய பாட்டு ஒன்றை எழுதித் தாருங்கள். அதில் பனி உழவன் வரட்டும், பதினெட்டாம் மாடி வரட்டும், பனை வந்தாலும் வரட்டும். ஏவல் வினை மட்டும் வேண்டாம். பாடல்களைச் செயலாளரிடம் சேர்ப்பித்தால் தைப்பொங்கலுக்கு முன் படியெடுத்து வீடுதோறும் கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.