சின்னப் போத்தலும் கார்த்திகைப் பூவும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கர்ப்பவதிகளின் கிளினிக் நாள் என்றால், கொழுந்துக்குப் போகாத பெண்கள் கையில் சின்னப் போத்தலோடு வரிசையில் நிற்பார்கள். “ஒவ்வொரு தடவையும் மூத்திரத்த என்னத்துக்குப் பாக்குறாங்க?” என்ற முணுமுணுப்பும் கூடவே நிற்கும்.

நியாயமான கேள்வி. தேடப்படுவது அல்புமின். இரத்தத்திலேயே தங்க வேண்டிய இந்தப் புரதம் சிறுநீரில் கசிந்தால், சிறுநீரகத்தின் வடிகட்டியில் பழுது இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு பிரஷரும் சேர்ந்து ஏறினால், கர்ப்பத்தால் வந்த கோளாறு என்று வைத்தியர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். 20 வாரத்துக்கு முன்பே கசிந்தால்? பழுது கர்ப்பத்துக்கு முந்தியதாக இருக்கக்கூடும்.

அப்படி ஒளிந்திருக்கும் நோய்களில் ஒன்று மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சல். துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியரிடையே அதிகம். மலையகத்துக்கு அந்நியமான பெயர்தான். இதற்கான மரபணு 1997இல் பிடிபட்டது. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவர் வழியிலும் பழுது வந்தால்தான் நோய் தலைகாட்டும். முறைமாப்பிள்ளை, முறைப்பெண் கலியாணம் இத்தகைய நோய்களுக்கு வழியை அகலமாக்குகிறது.

ஓரிரு நாள் காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி, பிறகு தானாகவே அடங்கும். அப்பெண்டிக்ஸ் என்று நினைத்துச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்கள் பலர். உண்மையான ஆபத்து வலிக்காத இடத்தில் இருக்கிறது: அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து, அதைச் செயலிழக்கச் செய்துவிடும்.

1972இல் இதற்கு மருந்து தெரிந்தது. பெயர் கொல்கிசின். நம்மூர் கார்த்திகைப் பூச்செடியிலும் அது உண்டு. கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்று பிள்ளைகளை மிரட்டுவோமே, அதே செடிதான்! (கைவைத்தியமாக யாரும் தொடவே கூடாது.) கருவுக்குக் கேடு என்று அஞ்சி ஒருகாலத்தில் கர்ப்பவதிகளுக்கு இந்த மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்தினால் திரும்பும் அழற்சிதான் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வழிவிடுகிறது என்று பிறகு புரிந்தது. இன்று வைத்தியர்கள் தொடரவே சொல்கிறார்கள்.

மலையகத்துக்கு இன்னும் நெருக்கமானது லூப்பஸ் என்ற நோய். நேரடியாகப் பரம்பரை நோய் அல்ல, ஆனால் சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். மூட்டுவலி, முகத்தில் சிவந்த தடிப்பு, பிறகு சிறுநீரகம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பின் கருத்தரிப்பதே நல்லது. சிறுநீரகத்துக்காகக் கொடுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் கருவுக்கு ஆகாது. முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய், அடிக்கடி வந்துபோகும் காய்ச்சல் இருந்தால், மிட்வைஃபிடம் முதல் நாளே சொல்லிவிடுவது உதவும்.

பிள்ளை பிறந்ததும் போத்தல் குப்பைக்குப் போகிறது. பிள்ளையைப் பராமரிப்பு மடுவத்தில் விட்டுவிட்டுத் தாய் மலை ஏறுகிறாள். அங்கே கழிப்பறை இல்லாததால் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறாள். கர்ப்பத்தில் அல்புமின் கசிந்தவளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம் கழித்தும் கசிகிறதா என்று டிக்கோயா ஆஸ்பத்திரியிலோ நுவரெலியாவிலோ இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு அரைநாள் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகும்.