குழந்தையும் அணையாடையும்



வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழர் இல்லத்தில் குழந்தை பிறந்தால், ஊரிலிருந்து முதலில் வந்து சேர்வது பழந்துணி மூட்டைதான். பாட்டனார் பல்லாண்டு உடுத்தி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட வேட்டிகளைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து அனுப்புவார்கள். அணையாடை என்று நம் முன்னோர் வழங்கியது இதைத்தான். எங்கள் பெங்களூர் வீட்டிற்கும் அப்படி ஒரு மூட்டை கும்பகோணத்திலிருந்து வந்தது. அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, கடையில் விற்கும் டயப்பரைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கலானோம். நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். குடியிருப்பது ஐந்தாவது மாடி. துணி உலர்த்த இருப்பதோ நான்கு முழ அகலமுள்ள பால்கனி. ஆகவே அதை நாங்கள் தவறென்று எண்ணவில்லை.

எங்கள் எண்ணத்தை மாற்றியது ஒரு காலைப் பொழுது. குடியிருப்பில் குப்பை எடுக்க வரும் அம்மாள் தமிழ் பேசுபவர். அன்று அவர் எங்கள் கூடையைக் கவிழ்த்து, காய்கறித் தோலுக்கு நடுவே கிடந்த டயப்பரை வெறுங்கையால் எடுத்துத் தனியே வைத்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, "இதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கம்மா. இந்தக் கையால்தான் நானும் சோறு தின்னணும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்தும் அன்று முழுவதும் அச்சொல் எங்களை விட்டு நீங்கவில்லை. குழந்தை எங்களுடையது, அதன் அழுக்கை மட்டும் இன்னொருவர் கையில் கொடுத்துவந்தோம்.

டயப்பர் என்பது யாது? மேலே சருமத்தில் படுவது பாலிபுரோப்பிலின் என்னும் செயற்கை இழையாலான மெல்லிய விரிப்பு. நடுவே மரக்கூழும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் மணிமணியான பொருளும் இருக்கின்றன. இந்த மணிகள் தம் எடையைப் போல் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். அடியில் ஈரம் கசியாத பிளாஸ்டிக் தாள். இவ்வாறு பின்னிப் பிணைந்த பொருளை மண்ணும் எளிதில் செரிக்காது. பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும் எளிதன்று.

இதன் வரலாறும் நீண்டதன்று. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற பெண்மணி, குளியலறைத் திரைத் துணியை வெட்டி, குழந்தையின் துணிக்கு மேல் அணிவிக்கத்தக்க ஈரம் கசியாத உறை ஒன்றைத் தைத்தார். 1949-இல் அது கடைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமையும் கிடைத்தது. உள்ளே வைப்பது துணியே. 1961-இல் பாம்பர்ஸ் என்ற பெயரில், ஒரு முறை அணிந்து எறியும் வகை சந்தைக்கு வந்தது. ஈரம் உறிஞ்சும் மணிகள் 1980-களில்தான் அதனுள் புகுந்தன. ஆக, நம் பாட்டிமார் காலத்தில் இல்லாத ஒன்று, நம் காலத்தில் இன்றியமையாததாகிவிட்டது.

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஆறு என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 2,190 ஆகிறது. இவை எங்கே போகின்றன? பெங்களூரின் குப்பையை ஆண்டுக்கணக்கில் தாங்கியவை மாவள்ளிபுரா, மண்டூர் போன்ற சிற்றூர்கள். நிலத்தடி நீர் கெட்டது, நோய் பெருகியது என்று அவ்வூர் மக்கள் போராடினார்கள். 2012-இல் மாவள்ளிபுராவிலும், 2014-இன் இறுதியில் மண்டூரிலும் குப்பை கொட்டுவது நின்றது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம், வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கும் முறைக்கு ஆணையிட்டது. மட்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை. டயப்பர் முதலியவற்றுக்குச் சிவப்புக் கூடை. காகிதம், பிளாஸ்டிக் போன்ற உலர் குப்பைக்குப் பை. பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றித் தனியே தரவேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு வகுத்த விதிகளும் கூறின. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டுச் சுற்றுவது இன்னும் நன்று. துணிக்கு மாற மனமில்லாதவரும் இதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

அலமாரியிலிருந்து மூட்டை வெளியே வந்தது. முதல் வாரம் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. வேட்டித்துணி மென்மையானது, குழந்தையின் சருமத்திற்கு இதமானது, எளிதில் உலர்வது. ஆனால் ஒரு தடவை நனைந்தாலே மாற்றியாக வேண்டும். நாங்கள் தூங்கவில்லை, குழந்தையும் தூங்கவில்லை.

பிறகு, இக்காலத்தில் தைத்து விற்கும் துணி அணையாடைகள் சிலவற்றை வாங்கினோம். வெளியே ஈரம் கசியாத படலம் ஒட்டிய உறை, உள்ளே பருத்தி மடிப்பு, இடுப்பில் பொத்தான்கள். டோனவன் அம்மையாரின் யோசனையே திரும்பி வந்திருக்கிறது எனலாம். இதிலும் சில நுட்பங்கள் உண்டு. புதிய பருத்தி மடிப்பை நான்கைந்து முறை துவைத்த பின்னரே அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அதுவரை பருத்தியின் இயற்கை எண்ணெய் தடுக்கும். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்த்தால் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். உறையைக் கொதிநீரில் போட்டால் படலம் கெடும். எங்கள் குடியிருப்பில் வருவது ஆழ்துளைக் கிணற்று உப்புநீர். சோப்பு சரியாக நுரைக்காமல் துணியிலேயே தங்கி விறைப்பாக்கிவிடும். ஆகவே சோப்பைக் குறைத்து, அலசுவதை ஒரு தடவை கூட்டினோம்.

மட்கக்கூடியது என்று எழுதி விற்கும் டயப்பரையும் வாங்கிப் பார்த்தோம். மூங்கில் இழை என்ற பெயர் கவர்ச்சியாக இருந்தது. உறையைப் படித்தபோது, அதே உறிஞ்சு மணிகளும் மீள்பட்டைகளும் உள்ளே இருப்பது தெரிந்தது. அதையும் சிவப்புக் கூடையிலேயே போட்டோம்.

எல்லாவற்றிலும் பழைய முறை ஒன்றைக் கற்பித்தவர் மூட்டையோடு வந்த பாட்டி. தரையில் கால் நீட்டி அமர்ந்து, இரு பாதங்களுக்கும் இடையே குழந்தையை உட்காரவைத்து, வாயால் மெல்ல ஓசையெழுப்புவார். தூங்கி எழுந்தவுடனும் பால் குடித்த சற்று நேரத்திலும் இப்படிச் செய்தால், நாளில் இரண்டு மூன்று துணி மிச்சமாகும். "பிள்ளைக்கு வாய் பேசத் தெரியாது, முகம் பேசும்" என்பார். முகத்தைப் பார்க்க நாங்களும் பழகினோம்.

துணியைத் துவைக்க நீர் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெங்களூரின் குழாய்நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரத்திற்கு இறைத்து ஏற்றப்படும் காவிரி நீர். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது, குடிநீரால் வண்டி கழுவுவதற்குக்கூட இந்நகரில் அபராதம் விதித்தார்கள். காவிரிக் கரையில் பிறந்த நமக்கு அந்நீரின் அருமையை எவரும் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் அரசு சார்பில் 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று இக்கேள்வியை ஆராய்ந்தது. துணியா, எறிவதா என்பதைவிட, துணியை எவ்வாறு துவைக்கிறோம் என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று அது கண்டது. மிகுந்த சூட்டில் துவைத்து, மின்சார உலர்த்தியில் உலர்த்தினால் துணியின் நன்மை போய்விடும். இயந்திரம் நிறையத் துணி சேர்த்துத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் நன்மை பெரிது. கொடியில் உலர்த்துவதும், மூத்தவன் துணியை இளையவளுக்கு வைப்பதும் நமக்குப் புதியவை அல்லவே! நாங்கள் இரண்டு நாள் துணியைச் சேர்த்துத் துவைக்கிறோம். கடைசியாக அலசிய நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுகிறோம்.

மழைக்காலத்தில் தோற்றதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெங்களூரில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத நாட்கள் உண்டு. ஈரம் முற்றும் காயாத துணியைக் கட்டியதால் குழந்தையின் தொடையில் சிவந்து தடித்தது. அன்று தயக்கமின்றி டயப்பருக்குத் திரும்பினோம். குழந்தையின் உடம்பைப் பணயம் வைத்து எந்தக் கொள்கையையும் காப்பது பேதைமை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். துணிக்கு மாறுவோம் என்று முடிவு செய்வது எளிது, துவைப்பது யார்? அந்தப் பாரம் தாயின் தலையிலோ, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் தலையிலோ மட்டும் விழுமானால், ஒருவர் கையிலிருந்த அழுக்கை மற்றொருவர் கைக்கு மாற்றியதாகவே முடியும். எங்கள் வீட்டில் அலசி இயந்திரத்தில் போடுவது தந்தையின் வேலை. உலர்த்தி மடிப்பது தாயின் வேலை.

இப்போது பகலில் துணி. இரவிலும் பிரயாணத்திலும் டயப்பர். நாளுக்கு ஆறாக இருந்தது ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக் கணக்கில் 1,825 மிச்சம். மிஞ்சிய ஒன்றைக் காகிதத்தில் சுற்றி, சிவப்புக் குறியிட்டுத் தனியே வைக்கிறோம்.

சென்ற வாரம் அந்த அம்மாள், பால்கனிக் கொடியில் வரிசையாகத் தொங்கிய வெள்ளைத் துணிகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து, "எங்க அம்மா வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரை விட்டு வந்த நாம் எத்தனையோ பழக்கங்களை வழியில் விட்டுவிட்டோம். இதையேனும் மூட்டையிலிருந்து எடுத்து, நம்மால் இயன்ற அளவு பயன்படுத்திப் பார்க்கலாம்.