ஞாயித்துக்கிழமை அப்பா

அப்பா இல்லாத வீடுன்னா நமக்கு உடனே தோணறது இறந்துபோனவர், விட்டுட்டுப் போனவர், இல்ல துபாய்ல இருக்கறவர். இன்னிக்குப் பேசப்போறது வீட்டுலயே இருந்தும் பிள்ளைங்க விஷயத்துல இல்லாத அப்பாவைப் பத்தி. அது எப்போ ஆரம்பிக்குது?

எங்க அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்ல வேலை பார்த்தார். நைட் ஷிஃப்ட் வாரம்னா பகல்ல டிவி சத்தம் கிடையாது. "அப்பா தூங்கறாரு, கத்தாத." எங்க தெருவுல பாதி வீட்டுக்கு இதுதான் சட்டம். ஆனா ஷிஃப்ட் மட்டும்தான் காரணம்னு எனக்குத் தோணல.

நம்ம ஊர் வழக்கத்தைப் பாருங்க. வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு தாய்வீட்டுக்குப் போயிடுவா. தலைப்பிரசவம் அங்கதான். குழந்தையோட திரும்பி வர மூணு மாசமோ அஞ்சு மாசமோ ஆகும். நான் பொறந்தது அரக்கோணத்துல. அப்பா ஞாயித்துக்கிழமை லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வருவாராம். மாப்பிள்ளைக்குக் கறிக்குழம்பு. கொஞ்ச நேரம் என்னை மடியில வெச்சிருப்பார். அழுதா பாட்டி வாங்கிடுவாங்க.

பெத்தவளுக்கு ஓய்வு வேணும், அந்த வழக்கத்துல பெரிய நியாயம் இருக்கு. நான் மறுக்கல. ஆனா குளிப்பாட்ட, ஏப்பம் விட வைக்க, எந்த அழுகைக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுக்க அம்மா பழகற அதே மாசங்கள்ல அப்பா விருந்தாளி. ஆறு, பத்து, பதினாலாவது வாரத் தடுப்பூசி எல்லாம் அங்கயே முடிஞ்சிடும். குழந்தை வீட்டுக்கு வரும்போது ஒருத்தருக்கு எல்லாம் தெரியும், இன்னொருத்தருக்கு ஒண்ணும் தெரியாது. "விடுங்க, நான் பாத்துக்கறேன்"னு அங்க ஆரம்பிக்கறது, ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங் வரைக்கும் நீளும்.

சட்டத்துக்கு வருவோம். 1997-ல, நான் பொறந்த வருஷம், மத்திய அரசு ஆண் ஊழியர்களுக்கு 15 நாள் பெட்டர்னிட்டி லீவ் வந்துச்சு. ஏற்கெனவே ரெண்டு குழந்தை இருந்தா கிடையாது. ஆவடி டேங்க் ஃபேக்டரி அப்பாக்கள் அதுக்குள்ள வந்தாங்க. அங்கேர்ந்து அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் தாண்டி பட்டரவாக்கத்துல இறங்கினா, எஸ்டேட் தொழிலாளிக்குச் சட்டப்படி பூஜ்யம். 2017-ல அம்மாவுக்கு 26 வாரமா உயர்த்தினாங்க, நல்ல விஷயம். அப்பா அதுல இல்ல. அதே வருஷம் ராஜீவ் சாதவ் எம்.பி. அப்பாக்களுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டமாகல.

அந்த மத்திய அரசு விதியில எனக்குப் பிடிச்ச ஒரு வரி இருக்கு. குழந்தை பொறந்து ஆறு மாசத்துக்குள்ள அந்த லீவை எடுக்கலாம். நம்ம வழக்கத்துக்கு இது எவ்வளவு பொருந்துது பாருங்க! ஐடில நமக்குக் கிடைக்கறது கம்பெனி மனசு வெச்சுக் குடுக்கற சில நாள். அதையும் ஆஸ்பத்திரி வாரத்துலயே முழுசா செலவு பண்ணிடறோம். மனைவி கூப்பிட்டா அப்போ கண்டிப்பா கூட இருக்கணும், அதுல பேச்சே இல்ல. ஆனா கம்பெனி விதி இடம் குடுத்தா, பாதி லீவை அவங்க திரும்பி வர்ற வாரத்துக்கு வெச்சிருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருக்கற ஆள் அப்பதான் குறையும்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அப்படித்தான் வெச்சிருக்கான். அவன் மனைவியும் குழந்தையும் இப்ப ஆரணில. போன ஞாயிறு போனவன், கால் ரெண்டையும் நீட்டி அதுமேல குழந்தையைப் படுக்கவெச்சு குளிப்பாட்டக் கத்துக்கிட்டு வந்திருக்கான். "மாப்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு மாமியார் கேட்டாங்களாம். "தை மாசம் பூந்தமல்லிக்கு நீங்க கூட வர மாட்டீங்களே அத்தை"ன்னானாம்.