சான்றிதழில் இருக்கும் முகம்



பிளஸ் டூ பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்கு நாம் தரும் படம் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிறது. கல்லூரியிலும் வேலைக்குப் போகும் இடத்திலும் பிள்ளைகள் அதைத்தான் நீட்டப்போகிறார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் படம் எடுக்கும் நாளில் நான் அதிகம் கேட்பது, "கொஞ்சம் செவப்பா ஆக்கிக் குடுங்க சார்" என்பதுதான்.

வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினால், சுவரின் வெளிச்சத்தைக் கணக்கிட்டு கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். பிள்ளையின் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை. செல்போன் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுங்கள். கண்ணும் முகமும் தெளியும். வராந்தா நிழலில், வெளிச்சத்தைப் பார்த்து நிற்கட்டும். சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்றால் பின்னால் நிழல் விழாது.

முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் மட்டும் வேண்டாம். சான்றிதழ் சரிபார்க்கும்போது ஆளும் படமும் ஒத்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், "உன் நிறம் திருத்த வேண்டிய பிழை" என்று பள்ளியே ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிடக் கூடாது.

எடுத்த படத்தைப் பிள்ளையிடம் காட்டிவிட்டுப் பதிவேற்றுங்கள். பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று எடுக்க ஒரு நிமிடம் போதும்.