ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு



ஒரு தேங்காயைக்கூட நாம் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. வீட்டை மட்டும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறோம். தரகர்களும் ஞாயிறு காலையில்தான் கூப்பிடுவார்கள். தெரு காலியாக இருக்கும் பாருங்கள்!

தரகர் வார்த்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூர் ஈஜிபுராவை எடுத்துக்கொள்வோம். பக்கத்திலேயே கோரமங்கலா. தமிழ்க் குரல் கேட்கிற தெருக்கள். அங்கே 2017-ல் ஒரு மேம்பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். நீளம் சுமார் இரண்டரை கிலோமீட்டர்தான். வேலை பாதியில் நின்றது. 2022-ல் ஒப்பந்தமே ரத்தானது. அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்கு வேலை போனது. தூண்கள் மட்டும் வருடக்கணக்கில் வானத்தைப் பார்த்து நின்றன. 'பாலம் வந்துவிடும் சார்' என்ற வார்த்தையை நம்பி வாங்கியவர், அந்தத் தூண்களுக்கு நடுவே தூசியிலும் நெரிசலிலும்தான் ஆபீஸ் போனார்.

ஆகவே, வரப்போகிற பாலத்துக்கு விலை கொடுக்காதீர்கள். இன்றைக்கு இருக்கிற சாலையைப் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். ராத்திரி ஒருமுறை. நல்ல மழை பெய்த மறுநாள் கட்டாயம் ஒருமுறை. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று சுவரில் படிந்த கறையே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று. தெருமுனையில் துணி தேய்ப்பவர் இருப்பார். இரண்டு சட்டையைக் கொடுத்துவிட்டு, மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள். காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, டேங்கர் லாரி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். தரகு எதுவும் கேட்கமாட்டார்.