குதிர் யார் கையிலே?



ஆடி மாதத்திலே ஆரல்வாய்மொழிக் கணவாயிலே நின்றவர்களுக்குத் தெரியும், காற்று என்றால் என்னவென்று! மலை இடுக்கிலே புகுந்து, சீறிப் பாய்ந்து, முப்பந்தல் வெளியெங்கும் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்று கூலி கேட்பதில்லை. கதிரவன் கடன் பத்திரம் நீட்டுவதில்லை. ஆனால், இருவருக்கும் ஒரே குணம்: வரும்போது வாரி வழங்குவார்கள், வேண்டும்போது வரமாட்டார்கள்!

நண்பகலிலே கொட்டுகிறது சூரிய மின்சாரம். மாலையிலே தாய் அடுப்படி விளக்கைப் போடுகிறாள். மகன் பாடநூலை விரிக்கிறான். அந்நேரம் பார்த்துக் கதிரவன் விடைபெற்றுவிடுகிறான். காற்று மிகுந்த நாளிலோ, "வாங்கிக்கொள்ள வழியில்லை, நிறுத்து!" என்று காற்றாலைக்கு ஆணை பறக்கிறது. காற்று ஓய்ந்த மாலையிலே, வெளியார் சொன்ன விலைக்கு மின்சாரம் வாங்குகிறோம். விளைந்த நெல்லைக் களத்து மழையிலே நனையவிட்டு, பிறகு வட்டிக்கடைக்காரன் வாசலிலே நிற்கும் உழவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

நம் பாட்டன் அத்தகைய ஏமாளி அல்லன். மழை நீருக்கு ஏரி வெட்டினான். விளைந்த நெல்லுக்குக் குதிர் அமைத்தான். மின்சாரத்துக்கும் குதிர் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

அத்தகைய குதிர் ஒன்று நம்மிடமே இருக்கிறது, தோழர்களே! கோவை மாவட்டத்து மலையிலே, கடம்பாறையிலே! மேலே ஒரு நீர்த்தேக்கம். கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். இடையிலே மலையைக் குடைந்து மின் நிலையம். மின்சாரம் மிகுந்த வேளையிலே தண்ணீரை மேலே ஏற்றுவது. தட்டுப்பாட்டு வேளையிலே அதே தண்ணீரைக் கீழே பாய்ச்சி மின்சாரம் எடுப்பது. 1987க்கும் 1989க்கும் இடையிலே இயங்கத் தொடங்கிய நான்கு இயந்திரங்கள்; 400 மெகாவாட் ஆற்றல். குந்தாவிலே இன்னொன்று, 500 மெகாவாட்டுக்குத் திட்டம் தீட்டப்பட்டது. கட்டுமானமோ ஆண்டுகளை விழுங்கியது!

இத்தகைய நிலையங்களிலே 100 யூனிட் செலவிட்டு நீரேற்றினால், 75 முதல் 80 யூனிட் வரை திரும்பக் கிடைக்கும். "இருபது போயிற்றே!" என்று கைகொட்டிச் சிரிக்கிறார்கள் சில கனவான்கள். குதிரிலே எலி கொஞ்சம் தின்னும். அதற்காக நெல்லைத் தெருவிலே கொட்டுவார் உண்டோ?

அடுத்தது, பேட்டரி. லித்தியம் அயனி மின்கலத்துக்கு வழிகண்ட மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் குட்இனஃப் அப்போது 97 வயது முதியவர்! ஒரு யூனிட் மின்சாரத்தைத் தேக்கும் மின்கலத் தொகுப்பின் விலை, 2010இலே 1,000 டாலருக்கும் மேல். 2024இலே ஏறத்தாழ 115 டாலர். எட்டாத கனி கைக்கெட்டும் கிளைக்கு இறங்கிவிட்டது.

எனினும், மயங்கிவிடாதீர்கள், கணக்குப் பாருங்கள். ஒரு யூனிட்டைத் தேக்கும் குதிருக்கு 10,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஒரு முறை நிரப்பி, ஒரு முறை எடுத்து, பத்தாண்டு பயன்படுத்தினால் 3,650 முறை. யூனிட்டுக்கு மூன்று ரூபாயும் ஆகாது. ஆடிக் காற்றைத் தேக்கி மார்கழியிலே எடுப்போம் என்றாலோ, பத்தாண்டிலே பத்தே முறை. யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாய்! ஆகவே, நண்பகலை மாலைக்குக் கொண்டுவரப் பேட்டரி ஏற்றது. பருவத்தைப் பருவத்துக்குக் கொண்டுசெல்ல அது ஏற்றதன்று. அதற்கு அணை நீரும், பிற மாநிலங்களோடு இணைக்கும் மின்தடங்களும், காற்றும் கதிரும் கலந்த திட்டமும் தேவை.

இனி, உயிரான கேள்விக்கு வருகிறேன். குதிர் யார் கையிலே?

மலிந்த வேளையிலே வாங்கி, கிராக்கி வேளையிலே விற்பதுதான் இந்த வணிகம். மின் சந்தையிலே நண்பகலில் சரியும் விலை, மாலையில் உச்சவரம்பாகிய 10 ரூபாயை எட்டிப்பிடித்த நாள்களும் உண்டு. அந்த இடைவெளிதான் இலாபம்! குதிர்கள் பெருகப் பெருக இடைவெளி சுருங்கும். ஆகவே, விலை வேற்றுமையிலே மட்டும் பிழைப்பவனுக்குப் பற்றாக்குறை நீடித்தால் ஆதாயம். மக்களுக்கோ அது நீங்கினால் ஆதாயம். இவ்விரண்டும் ஒன்றாகுமா? ஒருக்காலும் ஆகா!

தனியார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் போடட்டும், பேட்டரி நிலையம் கட்டட்டும், பழுதின்றிப் பேணட்டும், ஏலத்திலே ஒப்புக்கொண்ட வாடகையைப் பெறட்டும். ஆனால், எப்போது நிரப்புவது, எப்போது திறப்பது என்னும் சாவி, மக்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட பொதுத்துறை மின்வாரியத்தின் இடுப்பிலே தொங்கட்டும்! மலைக் குதிர்களை அரசே கட்டட்டும், காலத்தோடு கட்டட்டும், காணியும் காடும் இழப்போர் குரலைக் கேட்டுவிட்டுக் கட்டட்டும்!

தோழர்களே! கிளைக் கூட்டங்களிலே, படிப்பகங்களிலே, தேநீர்க் கடை விவாதங்களிலே இதைப் பேசுங்கள். "எத்தனை மெகாவாட் நிறுவினீர்கள்?" என்று மட்டும் கேளாதீர்கள். "எத்தனை மணி நேரத்துக்குத் தேக்கினீர்கள்? சாவி யாரிடம்? வாடகை எவ்வளவு?" என்று கேளுங்கள். காற்று பொதுச்சொத்து, கதிர் பொதுச்சொத்து, அவற்றைக் காக்கும் குதிரின் சாவி மட்டும் தனிச்சொத்து ஆகலாமா?

ஆகாது என்று நாடு சொல்லும்வரை நம் நாவு ஓயாது!