உதட்டுக் கிறீமும் தோகா ஓட்டமும்



கோவலன் கதையில் என்னை இன்றும் உறுத்துவது கொலையைவிட, விசாரணை இல்லாமல் போனதுதான். பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான். அந்த உறுத்தலோடு இரண்டு வீராங்கனைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

தெரேசே யூஹாவ்க்கை இங்கே தெரியாதவர் இல்லை. 2016இல் அவரது பரிசோதனையில் குளோஸ்டெபோல் என்ற ஸ்டீரொயிட் இருந்தது. இத்தாலியில் பயிற்சியின்போது வெயிலில் புண்ணான உதட்டுக்கு அணி வைத்தியர் வாங்கிக் கொடுத்த கிறீம்தான் காரணம். தவறு என்னுடையது என்று வைத்தியர் பதவி விலகினார். ஆனால் பெட்டியிலேயே ஊக்கமருந்து எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. உன் உடலில் இருப்பதற்கு நீயே பொறுப்பு என்பது விதி. நோர்வேயில் 13 மாதத் தடை. மேன்முறையீட்டில் 2017 ஓகஸ்ட்டில் அது 18 மாதமானது. 2018 ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. திரும்பி வந்தார். 2022 பெய்ஜிங்கில் மூன்று தங்கம்.

கோமதி மாரிமுத்து திருச்சிக்கு அருகே முடிகண்டம் கிராமத்தவர். 2019 ஏப்ரலில் தோகாவில் ஆசிய 800 மீற்றர் தங்கம், நேரம் 2:02.70. அதற்கு ஒரு மாதம் முன்பே பட்டியாலாவில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் இருந்தது. அப்படியிருந்தும் தோகாவில் ஓடினார். அதே நாட்களில் ஊர் கொண்டாடியது, தலைவர்கள் பரிசுத்தொகை அறிவித்தார்கள். பிறகு பதக்கம் பறிபோனது. நான்கு ஆண்டுத் தடை, 2023 மே வரை. அப்போது அவருக்கு வயது 34.

தெரிந்து எடுக்கவில்லை என்றார் கோமதி. அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. ஒரு மாதிரியல்ல, பல மாதிரிகளில் அது இருந்தது. ஆனால் இந்த விதியில் ஒரு நுணுக்கம் உண்டு: பொதுவாக, மருந்து எப்படி உடலுக்குள் வந்தது என்று வீரரே நிரூபித்தால்தான், தன் தவறு சிறியது என்று காட்டித் தண்டனையைக் குறைக்க முடியும். யூஹாவ்க்கிடம் காட்ட ஒரு கிறீம் இருந்தது, பொறுப்பேற்க ஒரு வைத்தியர் இருந்தார், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். கோமதியிடம் என்ன இருந்தது?

இங்கே பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கும் காற்பந்துக்கும் ஏற்றி இறக்கும் பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். இருமல் மருந்தோ புரதப் பொடியோ, போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கப் பழக்குங்கள். விசாரணை என்று வந்தால் பிள்ளையோடு யார் போய் உட்காருவது என்பதையும் கழகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.